ஒன்று விட்டு ஒன்று

நான்காவது மாடியில் தொடங்கிய வரிசை படிக்கட்டு வழியாக வளைந்து வளைந்து தரைத்தளம் வரைக்கும் வந்திருந்தது. லிஃப்ட் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூன்று பேருக்கு மேல் ஏறினால் "பாரம் அதிகம், தயவுசெய்து இறங்கவும்" என்று ஒரு பெண் குரல் கறாராகச் சொல்லும். இறங்குகிற வரைக்கும் கதவு மூடாது. இத்தனைக்கும் அது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. ஊரார் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவர்களுக்குச் சொந்த லிஃப்டைக் கவனிக்க நேரமில்லை.

வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆளுக்கொரு நோயாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தர் கையில் சார்ஜ் நிற்காத செல்போன். இன்னொருத்தர் கையில் நேரம் பிந்துகிற கடிகாரம். கணக்குப் பிரிவுக்காரர் வீட்டு மிக்சியையே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மனைவி போட்டால் உறுமுகிறதாம், அவர் போட்டால் ஓடவே மாட்டேன் என்கிறதாம். மாஸ்டர் நாடி பிடித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காலையிலிருந்து நிற்கிறார்.

மாஸ்டர் என்றால் நாடி மாஸ்டர். மனிதர்களுக்கு நாடி பார்ப்பவர் அல்ல. மனிதன் வலிக்கிறது, வலிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைப்பான். அந்தத் தொல்லை நமக்கெதற்கு என்று இயந்திரங்களுக்கு மட்டும் நாடி பார்ப்பவர். வெள்ளைக் கோட்டு, வெள்ளை ஷூ, மீசைக்குக் கீழே எப்போதும் ஒரு வருத்தப் புன்னகை. சர்வர் அறைக்குள் போய் நீலக் கேபிள் ஒன்றை மூன்று விரலால் பிடிப்பார். கண்ணை மூடுவார். "ம்ம்ம்..." என்பார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற கூட்டம் மூச்சுவிடாமல் பார்க்கும். கேபிளுக்கு நாடி உண்டா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நமக்குக் கதை இல்லை.

விஷயம் இதுதான். கம்பெனியில் புதிதாக ஒரு தொலைபேசி ஏற்பாடு போட்டிருந்தார்கள். உள்ளே வருகிற கால், வெளியே போகிற கால் எல்லாவற்றையும் கவனிக்க இரண்டு பெரிய சர்வர்கள். எந்தக் காலை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய, நடுவில் தட்டையாக ஒரு பெட்டி. அதற்குப் பெயர் லோட் பேலன்சர். சுமை ஒரே பக்கம் சாய்ந்துவிடாமல் இதற்கொன்று, அதற்கொன்று என்று மாற்றி மாற்றிப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை.

இதையெல்லாம் கேபிள் கேபிளாக இழுத்துக் கட்டி நிறுத்தியவர் ஒரு பெண் என்ஜினியர். ஆபீசில் எல்லாருக்கும் சர்வர் அக்கா. அந்த அறை என்றால் அவருக்கு உயிர். ஒவ்வொரு கேபிளுக்கும் கழுத்தில் சின்னதாகப் பெயர்ச்சீட்டு கட்டியிருப்பார்; பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள்கூட அவ்வளவு பார்த்துக் கட்ட மாட்டார்கள். மகளுக்கு அம்மை போட்டதென்று ஒரு வாரம் விடுப்பில் போனார். அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் நடந்தது.

அக்கா போன இரண்டாம் நாளிலிருந்து கால்கள் செத்து விழ ஆரம்பித்தன. எண்ணை அழுத்தினால் மறுமுனையில் ஒன்றுமில்லை, வெறும் மௌனம். சில கால்கள் கிடைக்கின்றன, சில கிடைப்பதில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. திரையில் பார்த்தால் இரண்டு சர்வருக்கும் நேரே பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் புகார் மேசைக்குப் போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார்கள். முதலாளியம்மா மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் நாடி மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"உலகப் புகழ் பெற்றவர் மேடம். கெஞ்சிக் கூத்தாடித்தான் வரவழைச்சிருக்கேன்" என்றார் மேலாளர்.

உலகம் எங்கே கேட்கப் போகிறது! முதலாளியம்மா தலையாட்டினார். மாஸ்டர் கேபிளைப் பிடித்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

"இந்த மிஷினை முதல்ல ஆன் பண்ணது எந்தக் கை?"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேலாளர்தான் மெதுவாகச் சொன்னார். "அந்தம்மா இடக்கைக்காரங்க மாஸ்டர்."

"அதான்! நாடி இடப்பக்கமா இழுக்குது. பாரமெல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு நிக்குது. லோட் பேலன்சர்னா என்ன? பாரத்தைச் சமன் பண்றது. சமன் பண்ணணும்னா தராசுக்கு ரெண்டு பக்கமும் ஒரே எடைக்கல் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும் என்றது கூட்டம். தராசுக்கு வேண்டும்தான். ஆனால் அந்தப் பெட்டி தராசு இல்லை. பெயரில் பேலன்ஸ் இருப்பதால் தலையில் கல்லை வைப்பது என்றால், மவுஸ் என்கிற சாமானுக்குப் பொறி வைக்க வேண்டியதுதான். இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில் மகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு சர்வர்கள் மேலேயும் ஆளுக்கொரு சாம்பல் நிறக் கூழாங்கல் ஏறியது. அமைதிக்கல் என்று பெயர். பிறகு ஒவ்வொரு மேசையிலும், ஒவ்வொரு போன் பக்கத்திலும் ஒரு அமைதிக்கல். அதற்கான தொகை அவரவர் சம்பளத்தில் கழியும் என்று சுற்றறிக்கை வந்தது; ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. பயன்படுத்தும் முறை சுலபம். கால் கிடைக்கவில்லையா? கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் மிஷினுக்கு நாடி ஏறும். மூன்று விரலால் கல்லைத் தொட்டு, கண்ணை மூடி, "பாரம் பகிரட்டும்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, மறுபடியும் போடணும்.

கிடைத்தது ஐயா!

எல்லா நேரமும் அல்ல. ஆனால் பல நேரம் கிடைத்தது. கிடைத்தவர்கள் மாடி மாடியாகப் போய்ச் சொன்னார்கள். கிடைக்காதவர்கள் விரலைச் சரியாக வைக்கவில்லை என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டார்கள். புகார் மேசையின் தலைவிக்கு ஹலோ மேடம் என்று பட்டப்பெயர். வீட்டில் பிள்ளைகளை எழுப்புவதற்கும் "ஹலோ" என்றுதான் ஆரம்பிப்பார். அவர்தான் கல்லின் முதல் பக்தை.

"ஹலோ, நான் கண்ணால பார்த்தேங்க! ஒரு கால் போட்டேன், செத்துப்போச்சு. கல்லைத் தொட்டேன், மறுபடி போட்டேன், டக்குனு எடுத்துட்டாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இதற்கு நடுவே ஒரு நாள் ஏதோ ஒரு கட்டிடத்தின் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் இரண்டாம் முயற்சியில் ஹலோ மேடத்தைப் பிடித்துவிட்டார். "இப்பதான் போட்டேன், லைனே போகலையே, என்ன கம்பெனி நடத்துறீங்க?" என்று எகிறினார். ஹலோ மேடம் நிதானமாகக் கேட்டார்: "பக்கத்துல கல் ஏதாவது இருக்கா சார்?"

"லிஃப்டுக்குள்ள கல்லுக்கு நான் எங்கம்மா போவேன்?"

கல் இல்லாமலே அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று ஹலோ மேடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கல் நம் மேசையில் இருக்கிறதே, அந்தச் சக்திதான் போய் இழுத்து வந்திருக்கிறது என்று அதையும் கல்லின் கணக்கிலேயே எழுதிவிட்டார்.

சர்வர் அக்கா திரும்பி வந்த காலையில் கதவில் அட்டையை வைத்தார். கதவு திறக்கவில்லை. மேலாளர் பின்னாலேயே வந்து நின்றார்.

"உங்க அட்டையை நிறுத்தி வச்சிருக்கும்மா. மாஸ்டர் சொல்லியிருக்கார். உங்க கை பட்டா கல்லோட சக்தி கலைஞ்சுடுமாம்."

"சார், அஞ்சு நிமிஷம் குடுங்க. உள்ள போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். திங்கக்கிழமைலேர்ந்து நீங்க குடோனுக்குப் போயிடுங்க. அங்க பழைய மோட்டார் எல்லாம் கிடக்கு, பார்த்துக்கலாம். வலக்கைப் பையன் ஒருத்தனை இங்க போட்டுடறேன்."

அக்காவுக்குக் கண் கலங்கியது. வேலை போய்விடவில்லை, சம்பளமும் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு கேபிளுக்கும் பெயர் வைத்த அந்த அறையை இனிமேல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளை ஷூ போட்ட ஒரு ஆள் அவர் இழுத்த கேபிளுக்கு நாடி பார்ப்பார். எந்தக் கையால் எழுதிப் பட்டம் வாங்கினாரோ அந்தக் கை ராசியில்லாத கை. போய் மூலையில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்தார்.

அக்காவின் கணவர் சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, ஓயாத பேச்சு. காலையில் ஆபீஸ் கூடுவதற்கு முன்பே அக்கா வந்துவிடுவார். அவரும் கடையைத் திறந்துவிட்டு, முதல் ஆள் வருவதற்குள் ஆபீஸ் எண்ணுக்குப் போன் போட்டு எதையாவது கேட்பார். அந்த வாரக் கடைசியில் கேட்டது சீப்பு.

"ஏம்மா, புதுச் சீப்புக் கட்டை எங்க வச்சே?"

"மேல் தட்டுல, துண்டுக்குப் பின்னாடி இருக்குங்க. இன்னிக்கும் லைன் கிடைக்கக் கஷ்டப்பட்டீங்களா?"

"எனக்கு என்ன கஷ்டம்? உங்க ஆபீசுக்கு எப்படிப் போடணும்னு நான் கண்டுபிடிச்சுட்டேன்ல. முதல் கால் சும்மா. அடிச்சு விட்டுட்டு, பிரஷ்ஷைக் கழுவுவேன். ரெண்டாவது கால்லதான் பேசுறது. காலைல எப்பவுமே ஒண்ணு விட்டு ஒண்ணுதான். ஒரு நாள்கூட மாறினதில்ல."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்பவுமேவா?"

"எப்பவுமே. நேத்து தப்பா மூணு தடவை போட்டுட்டேன். மூணாவது போகல. ஏன், என்ன ஆச்சு?"

"உங்க கடைல கல்லு எதுவும் இல்லையே?"

"சாணைக்கல் இருக்கு. வேணுமா?"

அக்கா சிரித்துவிட்டார். அந்த ஆபீசில் கூழாங்கல் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். பகலில் நூறு பேர் ஒரே நேரத்தில் போன் போடும்போது எந்தக் கால் எந்த சர்வருக்குப் போகிறது என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது குலுக்கல் மாதிரிதான் தெரியும். தினமும் விடியும்போது பெட்டி எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கும்; அப்போது, யாருமே போடாத நேரத்தில், ஒரே ஆள் போட்டால்தான் முறை வெளிப்படும். இதற்கொன்று, அதற்கொன்று. ஒன்று உயிர், ஒன்று சவம். கணவர் கத்தரிக்கோல் பிடிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் சோம்பேறித்தனமாகச் செய்த காரியம், ஆபீசே சேர்ந்து தொட்டுக் கும்பிட்ட கல்லைவிட அதிக விஷயம் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் பெரிய கூட்டம். எல்லாக் கிளைகளுக்கும் அமைதிக்கல், வருஷா வருஷம் நாடிப் பரிசோதனை என்று மாஸ்டரோடு ஒப்பந்தம். புகார் மேசை இருக்கும் நீண்ட கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதலாளியம்மா பேனாவைத் திறந்தார். எல்லாரும் கைதட்டத் தயாராக இருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. இடக்கை.

"மேடம், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கல்லோட சக்தியை நாமும் ஒரு தடவை பார்த்துடலாமே. எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும்."

மேலாளர் துள்ளி எழுந்தார். "நீங்க உக்காருங்கம்மா."

"விடுங்க, கேக்கட்டும்" என்றார் முதலாளியம்மா. ஓசியில் அற்புதம் பார்ப்பதென்றால் யாருக்குத்தான் கசக்கும். "என்ன பண்ணணும்னு சொல்லும்மா."

"ரொம்பச் சின்ன வேலை மேடம். கொஞ்ச நேரத்துக்கு யாரும் போனைத் தொடக் கூடாது. வெளியேர்ந்து வர்ற காலை எல்லாம் மெக்கானிக் தம்பிங்க செல்போனுக்குத் திருப்பி விட்டுடலாம். இந்த ஒரு போன்லேர்ந்து மட்டும் உங்க செல்லுக்குப் போடுவோம். கல்லைத் தொட்டும் போடுவோம், தொடாமலும் போடுவோம். அவ்வளவுதான்."

மாஸ்டர் வருத்தப் புன்னகை புரிந்தார். "தாராளமா. சத்தியத்துக்குச் சோதனை புதுசா என்ன?" என்றார். இதுவும் கல்லைத் தொட்டுக் கும்பிடுகிற காட்சிதான் என்று மனிதர் நினைத்துக்கொண்டார்.

கூடம் அமைதியானது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கூடத்தில் ஒரு போன்கூட மணியடிக்காமல் இருந்ததில்லை. மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அக்கா கல்லைத் தொடாமல் எண்ணை அழுத்தினார். மௌனம். முதலாளியம்மாவின் செல்போன் கல்லாகக் கிடந்தது.

"பார்த்தீங்களா!" என்றார் மேலாளர். "கல்லைத் தொடலை, கிடைக்கல!"

அக்கா கல்லைத் தொடாமலே மறுபடியும் அழுத்தினார். முதலாளியம்மாவின் செல்போன் கணீரென்று அடித்தது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "ஹலோ, விடுங்க, அது தற்செயல்" என்று எழுந்து வந்தார் ஹலோ மேடம். மூன்று விரலைக் கல்லில் வைத்து, கண்ணை இறுக்கி மூடி, பாரம் பகிரட்டும் என்று உதடசைத்து, பயபக்தியோடு எண்ணை அழுத்தினார். மௌனம். பாவம், விரலை மாற்றி வைத்துப் பார்த்தார். அதற்குள் அக்கா கையை நீட்டி ரிசீவரை வாங்கி, இடக்கையால் எண்ணை அழுத்தினார். கல் மேசையின் மறு ஓரத்தில் கிடந்தது. செல்போன் கணீர் கணீர் என்று அடித்தது.

"இப்ப மாஸ்டரே போடட்டும்" என்று ரிசீவரை நீட்டினார் அக்கா.

ஒன்று சொல்ல வேண்டும். மாஸ்டர் புரட்டுக்காரரே தவிர முட்டாள் அல்ல. அந்தக் கூடத்தில் அக்காவைத் தவிர எண்ணிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"முதல்ல... முதல்ல மேலாளர் போடட்டும். அதுக்கப்புறம் நான் போடறேன்."

"ஏன் மாஸ்டர்?"

"நாடி கொஞ்சம் அடங்கட்டும். இந்த ஒண்ணை அவர் போடட்டும். அடுத்தது நான் போட்டா நிச்சயமா கிடைக்கும்."

முதலாளியம்மா பேனாவை மெதுவாக மூடினார். லிஃப்ட் கம்பெனியை ஒண்டி ஆளாக நடத்துகிறவர். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அவருக்குத் தெரியாதா?

"அடுத்தது கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியும். இது கிடைக்காதுன்னும் தெரியும். அப்ப கல்லு எதுக்கு மாஸ்டர்?"

"அது வந்து மேடம்..."

"இதை நீங்கதான் போடறீங்க. ஒரு கல்லு பத்தலைன்னா ரெண்டு கல்லா வச்சுக்குங்க. இந்தாங்க, என்னோடதையும் வச்சுக்குங்க."

மாஸ்டர் இரண்டு கையிலும் கல்லை வைத்துக்கொண்டார். எண்ணை அழுத்துவதற்கு விரல் இல்லாமல் போகவே, ஹலோ மேடம்தான் பெரிய மனசு பண்ணி அழுத்திக் கொடுத்தார். கூடமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மௌனம். மின்விசிறி மட்டும் சுற்றியது. கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே முன்வரிசை வரைக்கும் பரவியது.

மேலாளருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முகம் வெளுத்துப்போய் அலறினார்: "என்னண்ணே இது, இப்படி மானத்தை வாங்கறீங்களே!"

சிரிப்பு சட்டென்று நின்றது. முதலாளியம்மா திரும்பினார். "அண்ணனா?"

மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சொந்த அண்ணன் இல்ல மேடம். பெரியப்பா பையன். ஒண்ணுவிட்ட அண்ணன்தான்..."

"ஓகோ! காலு மட்டும்தான் ஒண்ணு விட்டு ஒண்ணுன்னு நினைச்சேன். உறவும் அப்படித்தானா?"

அந்தச் சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. அடங்கிய பிறகு முதலாளியம்மா கேட்டார். "சரி, மிஷினுக்கு என்னதாம்மா ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"எங்க வீட்டுக்காரர் சலூன்ல ரெண்டு நாற்காலி இருக்கு மேடம். வாசல்ல ஒரு ஆள் நிக்கறார்னு வச்சுக்குங்க. வர்றவங்களை ஒருத்தரை இந்த நாற்காலிக்கு, ஒருத்தரை அந்த நாற்காலிக்குன்னு மாத்தி மாத்தி அனுப்பறார். அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் தூங்கிட்டார். அப்ப என்ன ஆகும்? ஒருத்தர் விட்டு ஒருத்தர் பாதித் தலையோடகூட இல்ல, முழுத் தலையோட திரும்பிப் போவாங்க. மறுபடி உள்ள வந்தா இந்த நாற்காலி கிடைக்கும், வேலை முடிஞ்சுடும். நடுவுல கல்லைத் தொட்டா என்ன, கதவைத் தொட்டா என்ன?"

"தூங்கறவர்கிட்ட ஏன் அனுப்பறான் அந்த வாசல்காரன்?"

"அதைத்தான் மேடம் உள்ள போய்ப் பார்க்கணும்னு சொன்னேன். என் அட்டையைப் பிடுங்கிட்டாங்க."

அட்டை அந்த நிமிஷமே திரும்பி வந்தது. அக்கா முன்னால், முதலாளியம்மா அடுத்து, பின்னால் ஊரே. சர்வர் அறை ஜில்லென்று இருந்தது. அக்கா முதல் வேலையாக இரண்டு சர்வரின் தலையிலும் இருந்த கல்லை எடுத்து மேலாளர் கையில் கொடுத்தார். காற்றுப் போகிற துவாரத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன அவை. பிறகு பேலன்சரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் இதுல கேள்வி வேற மாதிரி வச்சிருந்தேன் மேடம். இந்தப் பெட்டி ரெண்டு சர்வரையும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, 'ஒரு காலை வாங்கிக் காட்டு, பார்ப்போம்'னு கேக்கும். வாங்கலைன்னா அந்தப் பக்கம் அனுப்பறதை நிறுத்திடும், நமக்கும் அலாரம் அடிக்கும். யாரோ மாத்திட்டாங்க. இப்ப அது 'உயிரோட இருக்கியா?'ன்னு மட்டும் கேக்குது. இருக்கேங்குது. பச்சை விளக்கு. அவ்வளவுதான்."

எல்லார் கண்ணும் மேலாளர் பக்கம் போயிற்று. இரண்டு கையிலும் கல்லோடு அவர் நின்றார்.

"நீங்க லீவுல போன அன்னிக்கு நைட்டு முழுக்க என் செல்லுக்கு அலாரமா வந்துதும்மா. கண்ணே மூட முடியல. மிஷின் வித்தவன்கிட்ட சொல்லி, சத்தம் வராம பண்ணுப்பான்னேன். அவன் ஏதோ தட்டினான், நின்னுடுச்சு. நல்லாத் தூங்கினேன்."

நாய் குரைக்கிறது, தூக்கம் கெடுகிறது என்று நாயின் வாயைக் கட்டிவிட்டு, மறுநாள் வீட்டில் சாமான் காணோம் என்று நாடி பிடிக்க ஆள் தேடிய கதை. நல்ல தூக்கம்தான், மேலாளருக்கும் இரண்டாவது சர்வருக்கும்.

அக்கா இடக்கையால் பழைய கேள்வியைத் திரும்ப வைத்தார். கண் மூடித் திறப்பதற்குள் இரண்டாவது பச்சை விளக்கு சிவப்பானது. கூட்டத்தில் "ஐயோ!" என்று ஒரு குரல். அக்காவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் மேடம் இது உண்மையைச் சொல்லுது!"

பிறகு தூங்கிக்கிடந்த சர்வரில் கால் வாங்குகிற நிரலை நிறுத்தி, எழுப்பி விட்டார். சிவப்பு கொஞ்சம் தயங்கிப் பச்சையானது. கூடத்துக்கு ஓடிப்போய் எல்லாரும் போட்டுப் பார்த்தார்கள். முதல் கால் கிடைத்தது. இரண்டாவது கிடைத்தது. மூன்றாவதும் கிடைத்தது. கணக்குப் பிரிவுக்காரர் ஆனந்தத்தில் மனைவிக்கே போட்டார். அது கிடைத்ததற்காகப் பிறகு வருத்தப்பட்டார் என்று கேள்வி.

ஒப்பந்தத்தை முதலாளியம்மா நாலாகக் கிழித்தார். குடோனுக்கு ஒரு ஆளை அனுப்புவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது அல்லவா, திங்கட்கிழமையிலிருந்து மேலாளர் போகிறார். பழைய மோட்டார்களுக்கு அலாரம் கிடையாது, தூக்கம் கெடாது. கல்லுக்குச் சம்பளத்தில் பிடித்ததெல்லாம் ஒன்றுவிட்ட அண்ணன் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. ஹலோ மேடம்தான் முதல் ஆளாகக் கல்லைக் கொண்டுவந்து மாஸ்டரின் பெட்டியில் டங்கென்று போட்டார்.

"ஹலோ, என்னை ஏமாத்தினது நீங்க இல்ல சார். ரெண்டாவது தடவை கல்லைத் தொடாம போட்டுப் பார்க்க எனக்கு ஒரு தடவைகூடத் தோணலை பாருங்க, அதான் வயித்தெரிச்சல்."

அவர் பின்னாலேயே கம்பெனி முழுக்கக் கல்லோடு வந்தது. டங், டங், டங். பெட்டி நிறைந்து, மேலாளரின் பைகளும் நிறைந்தன. மாஸ்டர் அத்தனையையும் தள்ளுவண்டியில் ஏற்றி, தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் போய் பொத்தானை அழுத்தினார். கதவு மூடவில்லை.

"பாரம் அதிகம், தயவுசெய்து இறங்கவும்" என்றது பெண் குரல்.

மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதே குரல். நாலு மாடிக் கூட்டமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "மாஸ்டர், கல்லைத் தொட்டுட்டு அழுத்துங்க!" என்று யாரோ கத்தினார்கள். அவர் வண்டியை வெளியே தள்ளிவிட்டு, தனியாக நின்று அழுத்தினார். கதவு சமர்த்தாக மூடிக்கொண்டது. அந்த லிஃப்டை மட்டும் பழுதுபார்க்க வேண்டாம் என்று முதலாளியம்மா அன்றே சொல்லிவிட்டார்.

கல்லெல்லாம் வாசலில் செடிக்கு வரம்பு கட்டக் கிடக்கின்றன. சர்வர் அக்கா அறைக்குள் இருக்கிறார். காலையில் கணவர் போட்டால் முதல் தடவையே கிடைத்துவிடுகிறது; பிரஷ் கழுவ நேரமில்லை என்று அவருக்கு ஒரே குறை.

வாசகர்களே, அந்த லோட் பேலன்சர் பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரோ கேள்வியை மாற்றி வைத்தார்கள், அது மாற்றிக் கேட்டது. நமக்கு என்ன வந்தது? கழுத்துக்கு மேலே தலை இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் சூடாகவும் இருக்கிறது. உயிர் இருப்பதெல்லாம் சரிதான். வேலை செய்கிறதா என்று அதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பதில் வராவிட்டால் கல்லைத் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். மறுபடியும் கேளுங்கள்.